ஆயுத பூஜைக்குத் தள்ளிய லோடுகள்

மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் ஒரு பாய்க்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பெரிய வார்த்தையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ஆள் வராத மத்தியானங்களில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். யாருக்கு எவ்வளவு உப்பு, எந்தத் தேதியில் லோடு, எந்த லாரி என்று பதிவு செய்யும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான். பாயின் உப்புக் களத்தில் ஆபீஸ் என்று அழைக்கப்படும் தகரக் கொட்டகையில் அது ஓடியது. ஓட்டியவர் அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா. பெருமுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவார். வாய் கொஞ்சம் நீளம். இதைப் படித்தால், "கொஞ்சமா?" என்று அவரே கேட்பார்.

பாயிடம் ஒரு குணம் உண்டு. யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டார். கையில் இருக்கும் சரக்கு முழுவதும் வேறு ஆட்களுக்குப் பேசி முடித்திருந்தாலும், புதிதாக ஒருவர் வந்து கேட்டால் அவரால் முடியாது.

"உப்பு கேட்டு வர்றவன்கிட்ட உப்பு இல்லன்னு எப்படிப்பா சொல்றது? சுத்தி வெள்ளையா கெடக்குது. அவனுக்கு என்ன கண்ணு தெரியாதா?" என்பார்.

அதனால் வந்தவரை உட்கார வைப்பார். டீ வரும். குடும்பம், குழந்தைகள், மழை எல்லாம் விசாரிப்பார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "ம்மா, இவருக்கு ஒரு நல்ல நாளா பாத்துப் போடு" என்பார். நல்ல நாள் என்றால் அக்காவுக்குத் தெரியும். ஆயுத பூஜை. அன்றைக்குக் களத்தில் எந்த லாரியும் நகராது. எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்திவிடுவார்கள். பாயே முன்னால் நின்று ஆட்களுக்குப் பொரியும் கடலையும் கொடுப்பார். அப்படிப்பட்ட நாளில் லோடு எழுதினால் அது போகாது. போகாது என்று யாரும் வாயால் சொல்லவும் வேண்டாம். ஆயுத பூஜை முடிந்ததும் அக்கா அந்த லோடுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அடுத்த ஆயுத பூஜைக்குத் தள்ளிவிடுவார்.

புரோகிராமில் ரத்து செய்ய ஒரு பொத்தான் நான் வைக்காமலில்லை. சிவப்பாக, பளிச்சென்று வைத்திருந்தேன். அக்கா ஒரே ஒரு முறை அதை அமுக்கினார். 'உங்கள் லோடு ரத்து செய்யப்பட்டது' என்று உப்பு கேட்ட பார்ட்டிக்குச் செய்தி போனது. பாய் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரத்துன்னா இன்னா தம்பி வார்த்தை இது? நிக்காஹ் முறிஞ்ச மாதிரி இருக்குது."

மறுநாள் நான் போனபோது, அக்கா தன் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, திரையில் அந்தப் பொத்தான் இருந்த இடத்தை மூடி ஒட்டியிருந்தார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொல்லை டெலிபோன் வழியாக வந்தது. லாரி கிளம்பியதா, எடை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று நாள் முழுவதும் யாராவது கூப்பிடுவார்கள். "இன்னொரு தடவ மணி அடிச்சா இத பாத்தியில போட்டு உப்பாக்கிடுவேன்" என்று அக்கா போனைத் தூக்கிக் காட்டினார். நான்தான் ஏஐ ஏஜென்ட் ஒன்றை வைக்கலாம் என்றேன். பார்ட்டிகள் செய்தி அனுப்பினால் அதுவே படித்துப் பதில் சொல்லும், லோடு பதியும், லாரியைக் கூப்பிடும்.

"ஏஜென்ட்டா?" என்றார் பாய். "இருக்கற ஏஜென்ட்டுங்களுக்கே டீ வாங்கி மாளல."

"இது டீ குடிக்காது பாய்."

"அப்ப எப்படி நம்பறது?"

நம்ப வைப்பதற்கு ஒரு வாரம் ஆனது. அதன்பிறகுதான் எனக்கு வேலையே ஆரம்பித்தது. இந்த ஏஜென்ட்டுக்குக் கை கால் கிடையாது. புரோகிராமில் நான் எழுதி வைத்திருக்கும் சின்னச் சின்ன டூல்கள்தான் கை கால். லோடு பதிய ஒன்று, தேதி மாற்ற ஒன்று, லாரியைக் கூப்பிட ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடக் கூடாது என்று விளக்கம் எழுத வேண்டும். அது அந்த எழுத்தைப் படித்துத்தான் எதையும் செய்யும். நம் முகத்தைப் பார்த்துச் செய்வதில்லை.

நான் எப்படிப் பேசுவேனோ அப்படியே எழுதினேன். லாரியைக் கூப்பிடும் டூலுக்கு, 'லாரி லேட்டானால் டிரைவரை நாலு வார்த்தை கேள்' என்று எழுதியிருந்தேன். அது கேட்டது. "ஏன் தாமதம்? எங்கே உள்ளீர்கள்?" எண்ணிப் பாருங்கள், நாலே வார்த்தை. செய்தி அனுப்பும் டூலுக்கு, 'மரியாதையாகச் சொல்' என்று எழுதினேன். பதினைந்து வருடமாகப் பாயிடம் ஓட்டும் டிரைவருக்கு, "பேரன்புடையீர், தங்கள் வருகையை எதிர்நோக்கியுள்ளோம்" என்று போனது. அவர் பதறிப்போய் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் பாய்? டேய்னு கூப்பிடற ஆளு நீங்க. இன்னைக்கு பேரன்புன்னா, வேலைய வுட்டு தூக்கிட்டீங்கன்னுதான அர்த்தம்?"

அவரைச் சமாதானப்படுத்த பாய் அவர் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி, "போடா டேய்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது.

அதிலிருந்து எனக்குப் புத்தி வந்தது. இந்த ஊரையே பார்க்காத ஒருவருக்கு, வேலை நடுவில் அவர் திரும்பிக் கேள்வி கேட்கவும் வழியில்லாத இடத்தில், எப்படி எழுதுவோமோ அப்படி எழுத வேண்டும். எல்லா விளக்கங்களையும் மாற்றினேன். தாமதம் என்றால் எவ்வளவு நேரம், கேட்பது என்றால் என்ன கேட்பது, யாருக்கு எந்த மாதிரி மரியாதை. பிறகு பாயையும் அக்காவையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். 'தேதி மாற்று: லோடின் தேதியை மாற்றும்' என்று வாசித்தபோது மூன்று பேரும் தலையாட்டினோம்.

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது, அடுத்தது படி" என்றார் அக்கா.

அடுத்தது நினைவூட்டும் டூல். 'லோடு தேதிக்கு மூன்று நாள் முன்னால் பார்ட்டிக்கு உறுதி சொல்லி, லாரியை அனுப்பச் சொல்.' பாய்க்கு அது பிடித்திருந்தது. "கூடவே ஒண்ணு எழுது தம்பி. யாரையும் வுட்டுடாதன்னு. மறந்துட்டா பாவம்" என்றார். எழுதினேன்.

கோடை முழுவதும் அது தங்கமாக வேலை செய்தது. அக்கா மத்தியானத்தில் அரை மணி நேரம் கண்ணயரக்கூட ஆரம்பித்தார். நான் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

பருவம் முடியும் சமயம். மழைக்கு முன்னால் களத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அம்பாரம், அதாவது மலை மாதிரி குவித்து வைத்த உப்பு. அதன் மேல் பனை ஓலை போர்த்திக் கட்டிவிட்டால், மழைக்காலம் முழுவதும் கரையாமல் நிற்கும். அதைப் பாய் குப்பத்தில் கருவாடு போடும் பெண்களுக்குப் பேசியிருந்தார். மழையில் வெயில் கிடையாது; பிடித்த மீனை உப்பில் அமுக்கி வைத்தால்தான் தப்பும். அந்த உப்பு இல்லையென்றால் அவர்களுக்கு அந்தப் பருவமே இல்லை. மற்ற அம்பாரங்கள் எல்லாம் போய்விட்டன. ஓலை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

காலையில் கடையைத் திறந்து ஒரு போனின் முதுகைக் கழற்றியிருந்தேன். அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உன் ஏஜென்ட் ஊரையே லோடு எடுக்க கூப்பிட்டுடுச்சி. சீக்கிரம் வா. பாய் சேர்ல உக்காந்தவரு எந்திரிக்கல."

பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. ஆண்டாண்டாகத் தள்ளித் தள்ளிச் சேர்த்த லோடுகள் ஒன்றையும் விடாமல், அது ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பியிருந்தது. 'தங்கள் லோடு ஆயுத பூஜை அன்று தயார். லாரியை அனுப்பவும்.' அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பதிவு செய்த தேதிகளைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு காலம் பொறுமையாகக் காத்திருந்தமைக்கு நன்றி' என்றும் சேர்த்திருந்தது.

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்பாரத்த குப்பத்துக்குச் சொல்லிட்டேன் தம்பி. அத தொறக்க முடியாது. இவங்கள வரச் சொல்லியாச்சி. வர்றவன் மூஞ்ச பாத்து இல்லன்னு நான் எப்படி சொல்லுவேன்? கடல்லதான் எறங்கணும் போலிருக்குது."

"கடலும் உப்புத்தான் பாய்" என்றார் அக்கா. "அங்கயும் ரெண்டு பேரு லோடு கேட்டு நிப்பாங்க."

மெஷின் தப்பாக அனுப்பிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில்லாத ஜீவன் மேல பழி போடக் கூடாது."

"அதுக்கா வாயில்ல?" என்றார் அக்கா.

கடைசியில் ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசுவது என்று முடிவானது. முதலில், தென்னந்தோப்புக்கு உப்பு கேட்டிருந்த திண்டிவனத்துக்காரர். பாய் ஸ்பீக்கரில் போட்டு, அவர் வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். மாடு கன்று போட்டதா என்று கேட்டார். காய்ப்பு எப்படி என்று கேட்டார். அக்கா எதிரே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வழியாக, "அந்த லோடு விஷயம்..." என்று இழுத்தார் பாய்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"அட போங்க பாய். ஆயுத பூஜைன்னு போட்டா எனக்குத் தெரியாதா? நான் அன்னைக்கே வேற எடத்துல வாங்கிட்டேன். காலையில மெசேஜ பாத்துட்டு என் வீட்டுக்காரி, பாய்க்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டா."

பாய் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்பது மாதிரி. அடுத்தவர் குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்துபவர். உப்பாலேயே சுவர் வைத்து ஒரு அறை கட்டப்போவதாகச் சொல்லி லோடு கேட்டவர். அவரும் சிரித்தார். ஐஸ் கம்பெனிக்காரர் ஒரு படி மேலே போனார்.

"எங்க கம்பெனியில இது பேச்சாவே ஆயிடுச்சி பாய். எவனாவது வர்றேன்னு சொல்லிட்டு வரலன்னா, அவன் பாய் லோடுடான்னுதான் சொல்லுவோம்."

பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. ஒருத்தர் மனதும் நோகாமல் ரகசியமாக நடத்தி வந்த விஷயம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமாம்மா?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றார் அக்கா. "தெரியாதது ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு இந்தப் பொட்டி. இன்னொண்ணு உங்க மச்சினரு."

பாய் சட்டென்று எழுந்துவிட்டார். அவருடைய மனைவியின் தம்பி வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெரிய முதலியார்சாவடியில் ஒரு ஷெட் எடுத்து, உப்பைப் பொடித்து பாக்கெட் போட்டு விற்கப்போகிறேன் என்று லோடு கேட்டிருந்தார். இந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் மறந்துபோன மனிதர். அவருக்கும் நல்ல நாள்தான் பார்த்துப் போட்டிருந்தது. போன் போட்டோம். எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். எடுக்காத காரணம், அவர் லாரியில் வந்துகொண்டிருந்தார். மூன்று நாள் பொறுக்கவில்லை.

லாரியின் முன்னால் புது பேனர். மச்சினர் கையில் ஸ்வீட் பாக்ஸ். இறங்கியதும் அதைப் பாயின் கையில் திணித்துவிட்டு, அம்பாரத்தைப் பார்த்துக் கண் விரிய நின்றார்.

"மாஷா அல்லாஹ். என்னா வெள்ள! யப்பா, அந்த ஓலைய கழட்டுங்கப்பா. இன்னைக்கே ஏத்திட்டா நாளைக்கு மெஷின் ஓட்டிடலாம்."

ஓலை கட்டுவதைப் பார்க்க வந்து அம்பாரத்தின் அடியில் உட்கார்ந்திருந்த குப்பத்து அம்மா, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"ஓலையில கை வெச்சிப் பாரு. கைய கருவாடு போட்டுடுவேன்."

"யார்ம்மா நீ?"

"நான் யாருன்னு அங்க கேளு." அவர் பாயின் பக்கம் திரும்பினார். "இன்னா பாய், உங்க வாயத் தொறந்து சொல்லுங்க. இது யாருக்கு?"

ஓலை கட்டுகிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். பாய் வானத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார். கடைசியில் பழக்க தோஷத்தில் அக்காவைப் பார்த்தார்.

"ம்மா, மாப்ளைக்கு ஒரு நல்ல நாளா..."

"நாளெல்லாம் தீந்துபோச்சி பாய்" என்றார் அக்கா.

பாய் ஸ்வீட் பாக்ஸை மச்சினரிடம் திருப்பிக் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்ல மாப்ள. இது குப்பத்துக்கு. உனக்கு உப்பு இல்ல."

அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடியவில்லை. குப்பத்து அம்மா கூடையை நிமிர்த்தி மறுபடி உட்கார்ந்தார். மச்சினர் கிழிந்த லாரி டயர் ஒன்றின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப ஆயுத பூஜைன்னு சொன்னது?"

"அப்பவும் இல்லதான்."

"போன வருஷம் சொன்னது?"

"அதுவும் இல்லதான்."

"எங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எனக்குச் சோறு ஏது?"

மச்சினருக்குக் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா என்று தெரியவில்லை. "ஷெட்டுக்கு வாடகை கட்டிக்கினு உக்காந்திருக்கேன் மச்சான். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேதாரண்யம் போயாவது வாங்கியிருக்க மாட்டனா? கல்ஃப்ல சூப்பர்வைசர் நோன்னா நோ. நாம அடுத்த வேலைய பாக்கப் போவோம். நீங்க பிரியாணியும் போட்டு, டீயும் குடுத்து, தேதியும் குடுத்தீங்களே."

பாய் அவர் பக்கத்தில் டயரின் மறுபாதியில் போய் உட்கார்ந்தார். ஸ்வீட் பாக்ஸ் பிரிந்தது. முதல் துண்டு குப்பத்து அம்மாவுக்குப் போனது.

சாயங்காலம் எல்லோரும் கொட்டகைக்குள் இருந்தோம். இன்னும் போனில் கிடைக்காத பார்ட்டிகள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஏஜென்ட்டே சொல்ல வேண்டும். அதற்கு, மறுப்பு சொல்ல ஒரு புது டூல். அதன் விளக்கத்தைப் பாயே சொல்வதாகச் சொன்னார். நான் தட்டினேன்.

"இப்ப கொஞ்சம் முடியல. முடியாதுன்னு இல்ல. அல்லா நாடினா பாக்கலாம். தப்பா நெனச்சிக்க வேணாம். அடிக்கடி வந்துட்டுப் போங்க."

ஏஜென்ட்டிடம் கொடுத்துச் சோதித்தேன். அது உடனே திருப்பிக் கேட்டது: 'இந்த விளக்கத்தில் உப்பு தரப்படுமா, தரப்படாதா என்பது தெளிவாக இல்லை. நான் மறுக்கலாமா?'

நான் வாசித்துக் காட்டினேன். பாய் யோசித்துவிட்டு, "பாக்கலாம்னு சொல்லு" என்றார்.

"தள்ளுங்க" என்று மச்சினர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாங்க இது வழவழன்னு. எனக்கு எப்படி சொன்னாரோ அப்படியே எழுதுங்க. உப்பு இல்ல, முதல் வரி. ஏன் இல்ல, ரெண்டாவது வரி. எப்ப கெடைக்கும்னு தெரிஞ்சா சொல்லணும், தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லணும். தேதி மட்டும் குடுக்கவே கூடாது."

அப்படியே எழுதினேன். தேதி மாற்றும் டூலிலும், லாரி வராத நாளில் லோடு போடக் கூடாது என்று சேர்த்தேன். ரத்து பொத்தானின் மேலிருந்த பொட்டை அக்கா நகத்தால் சுரண்டி எடுத்து, கொஞ்சம் பசை இருக்கிறதா என்று பார்த்து, நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து சேமிக்கப்போகும்போது பாய் என் தோளைத் தொட்டார்.

"மொட்டையா இருக்குது தம்பி. கடைசியில ஒரே ஒரு வரி. ஆயுத பூஜைக்கு வந்து சாப்புட்டுப் போகச் சொல்லு."

இது தெளிவாகத்தானே இருக்கிறது என்று மச்சினரும் ஒத்துக்கொண்டார். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று களத்துக்கு ஒரு லாரியும் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். பைக்கில், ஷேர் ஆட்டோவில், குடும்பத்தோடு. ஏஜென்ட் மறுப்புச் சொன்னவர்கள் மட்டுமல்ல. போனில் பேசி முடித்தவர்களுக்கும் அது முறையாக, உப்பு இல்லை, காரணம் இது, வந்து சாப்பிட்டுவிட்டுப் போகவும் என்று அனுப்பியிருந்தது. திண்டிவனத்துக்காரர் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். பாயின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த அம்மா நேரில் பார்த்துப் போக ஆசைப்பட்டாராம். மச்சினர் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். வேதாரண்யத்தில் ஆள் பிடித்துவிட்டதாகவும், லோடு தேதியை அவர்கள் சொன்னதும், அன்றைக்கு அங்கே ஏதாவது பண்டிகை உண்டா என்று மூன்று பேரிடம் விசாரித்ததாகவும் சொன்னார்.

இரண்டாவது அண்டா அடி தட்டியபோது அக்கா கரண்டியோடு கொட்டகைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அந்த டூல்ல ஒரு வரி சேரு. அரிசி எவ்ளோ இருக்குதுன்னு அக்காவ கேட்டுட்டு அப்புறம் கூப்புடணும்னு."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். காலையில் அக்காவே அதற்கு மாலை போட்டு, கீபோர்டு முழுக்கச் சந்தனம் தெளித்து, எதிரில் பொரி வைத்துப் படைத்திருந்தார். இன்றைக்குத் தொடக் கூடாது. நாளைக்குப் படையலைக் கலைத்த பிறகுதான்.

"ஏஜென்ட்டுக்கு மட்டும் இன்னைக்கு லீவு இல்லியா?" என்றார் பாய், வாசலில் நின்றபடி.

"இருக்குதுன்னு யாரும் எழுதலையே பாய்" என்றேன்.

மாலைக்கு உள்ளே திரை ஒளிர்ந்தது. யாரோ ஒரு புதுப் பார்ட்டி லோடு கேட்டிருக்க வேண்டும். ஏஜென்ட் இல்லை என்று சொல்லி, காரணம் சொல்லி, சாப்பிடக் கூப்பிட்டது. அக்கா கரண்டியோடு மறுபடி அரிசி களையப் போனார்.